இரண்டாம் பேஸ்காரனின் அட்டை

வெண்டல் ஹோக்லண்ட் முப்பத்துநாலு வருஷம் கூட்டுறவு தானியக் கிடங்கின் எடைமேடையில் உட்கார்ந்தவர். சொந்த மைத்துனன் லாரி நிறையச் சோளம் கொண்டுவந்தாலும் ஈரத்துக்கு உண்டானதைக் கழித்துவிட்டுத்தான் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். மைத்துனன் இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் வெண்டல் மெடல் வாங்கின கணக்காக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்பேர்ப்பட்ட மனிதர் இருக்கும்போது பள்ளிக்கூடத்து பேஸ்பால் அணியின் ஸ்கோர் புத்தகத்தை வேறு யார் கையில் கொடுப்பார்கள்? பதினெட்டுக் கோடை அவர்தான் எழுதினார். அதில் ஒரு கோடையில், தொண்ணூற்றொன்றில், எல்ம் ஃபோர்க் அணி அயோவா மாநிலக் கோப்பையையே தட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்த அணியில் பந்து தடுக்க இரண்டாம் பேஸில் நின்றவன் அவருடைய மகன் கர்ட்.

நின்றவன் என்று சொன்னது பாதிதான் சரி. கோப்பைக்கான கடைசி மூன்று ஆட்டங்களில் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டதென்று அந்த அணிக்கு முன்னாள் படைவீரர்களின் லீஜன் ஹாலில் ஒரு மதிய விருந்து ஏற்பாடாயிற்று. பையன்களுக்கு ஆளுக்கொரு அட்டை போட்டால் என்ன என்று கிளப்பிவிட்டவர் டெல்மர் ஷ்ரோடர். அன்றைக்கு அவர்தான் கோச். இப்போது பனிக்காலச் செவ்வாய்க்கிழமைகளில் பௌலிங் கூடத்துப் பின்மேஜையில் வெண்டலோடு பகடை பேஸ்பால் ஆடும் நால்வரில் ஒருவர்.

அந்த ஆட்டத்துக்கு ஒரு மேஜையும் இரண்டு பகடையும் போதும். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஓர் அட்டை. அவன் ஒரு வருஷம் ஆடியதெல்லாம் எண்களாக அதில் ஏறியிருக்கும். பகடையை உருட்டி, விழுந்த எண்ணை அடிப்பவனின் அட்டையில் பார்க்க வேண்டும். பந்து யாரிடமாவது போகிறதென்றால் அவனுடைய தடுப்புத் தரத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று என்றால் கையில் பசை தடவிக்கொண்டு பிறந்தவன். ஐந்து என்றால் காலிடுக்கில் பந்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பவன். அட்டை பொய் சொல்லக்கூடாது என்பதுதான் இந்த ஆட்டத்தில் எல்லாமே. சொந்த ஊர்ப் பையன் என்று நல்ல எண்ணாகப் பார்த்துப் போட்டால் அப்புறம் பகடையை உருட்டுவதில் என்ன சுவாரஸ்யம்?

ஜனவரியில் வெண்டல் பழைய புத்தகங்களைச் சமையலறை மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அடித்து ஆடிய எண்களைப் போடுவதில் சிரமமே இல்லை; பதினைந்து பேருக்கும் ஒரு வாரத்தில் முடித்துவிட்டார். கர்ட்டின் அடி நன்றாகவே இருந்தது. தடுப்புத் தரத்துக்கு வந்தபோது, நாற்பத்தோரு ஆட்டத்தில் பத்தொன்பது பிழை. ஐந்து என்றுதான் போட்டாக வேண்டும். அவருக்குத் தெரிந்த விஷயம்தான், தானே எழுதியதுதான். ஆனாலும் அட்டையில் மகன் பெயருக்குக் கீழே அந்த ஐந்தைப் போட அவருக்குக் கை வரவில்லை.

பந்து தடுப்பவனைத் தாண்டிப் போனால், அது அடித்தவன் திறமையா, தடுத்தவன் பிழையா என்று தீர்ப்பு எழுதுபவர் ஸ்கோர்காரர்தான். திறமை என்றால் ஹிட், இல்லையென்றால் பிழை, ஆட்டக்காரர் பாஷையில் எர்ரர். மேல்முறையீடு கிடையாது. வெண்டலுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு தீர்ப்புக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் காரணம் எழுதிவைப்பார், நாளைக்கு எவனாவது கேட்டால் காட்டுவதற்கு. இருபத்தைந்து வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது அவரே பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்.

ஜூன் பதினொன்று: கர்ட், கல்லில் பட்டு எகிறியது, பிழை. ஜூன் பதினான்கு: ரிக், கல்லில் பட்டு எகிறியது, ஹிட். ரிக் நோவாட்னி கர்ட்டுக்குப் பக்கத்தில் ஷார்ட்ஸ்டாப்பில் நின்றவன். ஜூன் இருபது: கர்ட், எட்டிப் பாய்ந்தான், கையுறை நுனி, பிழை. ஜூலை இரண்டு: ரிக், எட்டிப் பாய்ந்தான், கையுறை நுனி, ஹிட். அதே பென்சில், அதே கை, அதே வார்த்தைகள். தீர்ப்பு மட்டும் ஆளுக்குத் தகுந்தாற்போல மாறியிருந்தது.

அது எங்கே ஆரம்பித்தது என்பதும் அவருக்கு நினைவு வந்தது. அந்த வருஷம் முதல் ஆட்டத்தில், பின்வரிசைப் பலகையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவன், ஸ்கோர்காரர் பிள்ளையாச்சே, அவன் கணக்கில் எர்ரர் ஏறுமா என்று கேட்டுச் சிரித்தான். யார் என்றுகூடத் தெரியாது. அந்தத் தெரியாத வாயை அடைப்பதற்காக ஒரு கோடை முழுக்கத் தன் பிள்ளையைப் பென்சிலால் அடித்திருக்கிறார். அதையும் நேர்மை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் எண்ணிக்கையைச் சொல்லிக் காட்டுவதும் உண்டு. பையன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டு, கராஜ் சுவரில் இருட்டும்வரை பந்தை எறிந்து எறிந்து பிடிப்பான்.

பத்தொன்பதில் பதினொன்று பிழையே இல்லை. வெண்டல் நாலு தரம் எண்ணிப் பார்த்தார். சரியாக எழுதியிருந்தால் தரம் இரண்டு. தடுப்பில் இரண்டு வாங்கிய ஆளை எந்தக் கோச்சும் பெஞ்சில் உட்கார வைத்திருக்க மாட்டான். டெல்மர் அன்றைக்கு என்ன சொன்னாரென்றால், நீ எழுதின நம்பர் அப்படி, நான் என்ன செய்யட்டும் என்றார். வெண்டலும் சரிதான் என்று தலையாட்டினார்.

மனைவி வெல்மாவிடம் புத்தகத்தைக் காட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பார்க்காமலே மூடிவைத்தாள்.

"இதுக்கு உங்களுக்குப் பகடை உருட்ட வேண்டியிருந்துச்சா? நான் அன்னைக்கே இதே மேஜையில சொன்னேன். ஊரான் பிள்ளைக்கு ஒரு கண்ணு, நம்ம பிள்ளைக்கு ஒரு கண்ணுன்னு. ஆட்டத்தைப் பத்தி உனக்கென்ன தெரியும்னீங்க."

வெண்டல் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அட்டையைத் திருத்திப் போடப் போவதாக மட்டும் சொன்னார்.

"அட்டை கிடக்கட்டும். அவனைக் கூப்பிட்டு வாயைத் தெறந்து சொல்லுங்க. அவனாப் பாத்து புரிஞ்சுக்கட்டும்னு விட்டுடாதீங்க."

கர்ட் ஒமாஹாவில் ஏசி மாட்டும் வேலையில் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு வருவான், அப்பாவோடு வண்டியைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் பேசுவான், போவான். பேஸ்பால் பேச்சு வந்தால் எழுந்து நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவான். கண்டிப்பாக இருந்ததற்காகத் தன்மேல் கோபம் என்று வெண்டல் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அந்தக் கோபத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தரம் ஒமாஹாவுக்குப் போன் போட்டார். இரண்டு தரமும் அங்கே பனி எவ்வளவு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எடை சீட்டில் எதை வேண்டுமானாலும் எழுதத் தெரிந்த மனிதருக்கு இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. கடைசியில் வெல்மா எதைச் செய்யாதே என்றாளோ அதையே செய்தார். அட்டையில் இரண்டு என்று அச்சடித்தார். பையன் பார்ப்பான், சந்தோஷப்படுவான், ஒரு பேச்சும் இல்லாமல் எல்லாம் நேராகிவிடும் என்று கணக்குப் போட்டார்.

ஜூலை மூன்றாவது சனிக்கிழமை ஹாலில் ஒரே கூச்சல். பன்றியிறைச்சி சாண்ட்விச், அவித்த சோளம், உருளைக்கிழங்கு சாலட். பதினைந்து பேரில் பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். பழைய சட்டையைப் போட்டுப் பார்த்து பொத்தான் சேராமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள் சிலர். டெல்மர் அட்டைகளைப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். தன்னுடைய ஓட்டத்துக்கு இவ்வளவு மட்டமான தரமா என்று ரிக் சண்டைக்கு வர, அப்போதே நீ ஆமைதானடா என்று மற்றவர்கள் அமுக்கினார்கள். நீள மேஜையில் பகடை உருள ஆரம்பித்தது.

கர்ட் தன் அட்டையை முன்னும் பின்னும் பார்த்தான். பிறகு காபி டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்த அப்பாவிடம் வந்தான்.

"இதுல ஒரு அச்சுத் தப்பு இருக்குப்பா. ரெண்டுன்னு விழுந்திருக்கு. அஞ்சுல்ல இருக்கணும்?"

"தப்பில்லை."

"விருந்தாச்சேன்னு பெரிய மனசு பண்ணிட்டீங்களா? வேணாம்பா, சரியாவே போடுங்க. பசங்க கேலி பண்ணுவாங்க."

"சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றார் வெண்டல். காகிதக் கோப்பையைக் கீழே வைத்தார். "பத்தொன்பதுல பதினொண்ணு எர்ரரே இல்லடா. ஹிட்டுன்னு எழுதியிருக்கணும். அதே பந்தை ரிக் விட்டப்போ ஹிட்டுன்னுதான் எழுதினேன்."

கர்ட் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. எப்போது தெரிந்தது என்று கேட்டான்.

ஜனவரியில் என்று சொல்லியிருக்கலாம். எண்ணிப் பார்த்தது ஜனவரியில்தான். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. வெண்டலுக்கு அந்த வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் கல்லில் பட்டு எகிறியதைக் கண்ணால் பார்த்து, அதை எழுதியும் வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே பிழை என்று போட்ட கை இதே கைதானே.

"எழுதுறப்பவே தெரியும்" என்றார்.

மேஜையில் யாரோ ஹோம் ரன் உருட்டிவிட்டார்கள். ஹாலே அதிர்ந்தது. அது அடங்கியதும் கர்ட் கேட்டான்.

"அப்ப நான் நல்லாத்தான் ஆடினேனா?"

"நல்லாத்தான் ஆடினே. ரிக்குக்கு ஒரு மாத்துக்கூடக் குறைவில்லை."

கர்ட் அட்டையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றான். அப்புறம், வேறு யாருக்கோ நடந்த கதையைச் சொல்வதுபோலச் சொன்னான்.

"கப்பு ஜெயிச்ச அடுத்த வாரம் லிண்டன் காலேஜ் கோச் வீட்டுக்குப் போன் பண்ணாரு. நீங்களும் அம்மாவும் சந்தைக்குப் போயிருந்தீங்க. பெஞ்சுல உக்காந்தவன்னு தெரியும், எர்ரர் கணக்கும் பாத்தேன், ஆனா உன் ஆட்டத்தை நாலு தடவை நேர்ல பாத்திருக்கேன், என் கண்ணு வேற சொல்லுது, எங்க டீமுக்கு ஆட வந்துடுன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்டா?"

"ஸ்கோர் எழுதுறது எங்கப்பா சார், அவரு தப்பா எழுத மாட்டாருன்னு சொன்னேன்."

கோபம் என்று நினைத்திருந்தாரே, அப்படி எதுவுமே இல்லை. பையன் அவரை நம்பியிருக்கிறான். கண்ணால் பார்த்த ஒரு அந்நியன் கூப்பிட்டும் போகாமல், அப்பா எழுதியதுதான் சரி என்று பந்தைக் கீழே போட்டுவிட்டு நடந்திருக்கிறான். மன்னிச்சிடுடா என்று வெண்டல் சொன்னார். ஆறு மாதமாக வராத வார்த்தை இப்போது வந்தது, வந்தும் அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று அவருக்கே தெரிந்தது.

"திட்டணும்னு தோணுது. ஆனா எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலப்பா" என்றான் கர்ட். மேஜையிலிருந்து டெல்மர், கர்ட் முறை வந்துவிட்டது, சீக்கிரம் வா என்று கூப்பிட்டார். போகத் திரும்பியவன் நின்றான்.

"போன் வந்த விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேணாம். அவங்க தாங்க மாட்டாங்க."

வெண்டல் தலையாட்டினார். கர்ட் மேஜைக்குப் போய் ரிக்குக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தான். யாரோ அவன் தரத்தைப் பார்த்துவிட்டு, ஸ்கோர்காரர் பிள்ளையாச்சே என்று கிண்டல் செய்தது இங்கேவரை கேட்டது. கர்ட் பகடையைக் கையில் வைத்துக் குலுக்கினான்.

வெல்மா கேக் தட்டோடு சமையல் பக்கத்திலிருந்து வந்தாள். இருவரும் பேசிக்கொண்டிருந்ததை அவள் கதவருகிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். வாயைத் தெறந்தே சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

வெண்டல் மகனின் முதுகைப் பார்த்தார்.

"சந்தோஷப்பட்டான்" என்றார்.

வெல்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தட்டை மேஜையில் வைத்துவிட்டு, கல்யாணமான புதிதில் பிடித்ததுபோல அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், அந்தக் கையை அவளிடமே விட்டுவிட்டு நின்றார்.