ஹெட்டியின் மூன்று கோல்

ஹெட்டி அடுக்களையில் பன்றித்தொடைக் கறியைச் சீவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் பெட்டிக்குள் அவள் தங்கை நோரா. இரண்டு மணிக்கு அடக்கம். பார்க்க வருகிறவர்களுக்குக் கறியும் ரொட்டியும் கொடுக்காமல் அனுப்பினால் எங்கள் தெரு அதை இரண்டு வருஷமாவது பேசும். பேசுகிறவர்களில் நானும் ஒருத்தி என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

காலையிலிருந்து ஒன்றைக் கவனித்தேன். "பாவம், நல்ல பொம்பளை" என்றவர்களுக்குக் கறி விரல் தடிமன். "என்னா ஆட்டம் ஆடுவா!" என்றவர்களுக்கு விழுந்த துண்டை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் அதன் வழியே கப்பல் பட்டறையின் பாரந்தூக்கி தெரியும்.

தங்கை மேல் நாற்பது வருஷப் பொறாமை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில் ஆண்களெல்லாம் பிரான்சுக்குச் சண்டைக்குப் போய்விட, குண்டுத் தொழிற்சாலைப் பெண்கள் கால்பந்து அணி ஒன்று ஆரம்பித்தார்கள். கோல் போடும் இடத்துக்கு ஹெட்டியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். போர்முனையிலிருந்த அண்ணன் ஜாக்கின் பூட்ஸ் அவள் காலுக்கு அளவெடுத்தது போல இருந்தது. முதல் ஆட்டத்தன்று மூவாயிரம் பேரைப் பார்த்ததும் அவள் ஓடி ஒளிந்துகொண்டாள். நோரா அந்தப் பூட்ஸின் நுனியில் காகிதத்தைத் திணித்துக்கொண்டு இறங்கினாள். மூன்று கோல். பத்திரிகைக்காரனோ முன்தினமே வாங்கி வைத்திருந்த ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டான்: 'ஹெட்டி, மூன்று கோல்.'

அதன் பிறகு எல்லாம் நோராதான். ஹெட்டியை யாரும் மறுபடி கூப்பிடவில்லை. அந்தப் பத்திரிகை நறுக்கு மட்டும் அவள் பைபிளுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆண்கள் திரும்பி வந்து மூன்று வருஷத்தில் மைதானக் கதவைப் பெண்களுக்குச் சாத்தியபோது தெருவே திட்டித் தீர்த்தது. அன்று ஹெட்டி கேக் சுட்டாள்.

பதினோரு மணிக்கு பெல்லா வந்தாள். அந்நாளில் தடுப்பாட்டக்காரி, இப்போது வாசலையே தடுத்துவிடும் உடம்பு. கையில் ஜாக்கின் பூட்ஸ். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நோரா அவளிடம் கொடுத்துவிட்டுப் போனது.

"இதை அவ காலடியில வச்சு அனுப்பணும்," என்றாள்.

மேசையருகே உட்கார்ந்திருந்த போதகர் பென்சிலை எடுத்தார். "ஜெபத்துல சொல்லணும்மா. மொத்தம் எத்தனை கோல்?"

"அறுபத்தொண்ணு," என்றாள் பெல்லா.

"அம்பத்தெட்டு." ஹெட்டியின் கத்தி நிற்கவில்லை. "மூணு என்னுது. பேப்பர்லயே போட்டிருக்கான்."

"அடிப்பாவி! நீ அன்னிக்குக் கக்கூசுல இல்ல இருந்த? கதவைத் தட்டித் தட்டி என் கைதானடி வலிச்சுது!"

"அச்சுல வந்தது பொய்யாகுமா? நீங்களே சொல்லுங்க, போதகரே."

போதகர் பென்சில் முனையை ஆராய்ந்தார்.

"செத்தவகிட்டேர்ந்து பந்தைப் பறிக்கிறியேடி," என்றாள் பெல்லா.

ஹெட்டி பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். தேநீர்க் கோப்பை எடுக்கிற சாக்கில் நானும் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, வலது பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள். போகவில்லை. நுனியில் காகிதம். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் கோல்களை அதில் எழுதி, திரும்ப அங்கேயே திணித்துவிடுவாளாம் நோரா. கட்டைவிரலுக்கு அருகே இருந்தால் ராசியாம். பெல்லா சொல்லியிருக்கிறாள்.

ஹெட்டி அதைப் பிரித்தாள். அவள் தோளுக்கு மேலே நானும் எட்டிப் பார்த்தேன். வியர்வையில் பழுத்த காகிதம், பென்சில் எழுத்து. முதல் வரி: 'ஹெட்டி – 3.' அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஆட்டம் ஆட்டமாக நோராவின் கோல்கள். கூட்டுத்தொகை ஐம்பத்தெட்டு.



"பாத்தியா, விட்டுக்கொடுக்கிறதுலயும் இவதான் ஜெயிச்சா," என்றாள் ஹெட்டி. என்னிடமா, பெட்டியிடமா, தெரியவில்லை.

காலை மறுபடி நுழைத்தாள். இம்முறை கச்சிதமாகப் போனது. கயிற்றைக்கூட இழுத்துக் கட்டினாள். சற்று நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவிழ்த்து, காகிதத்தை முன்போலவே மடித்துத் திணித்து, இரண்டு பூட்ஸையும் நோராவின் காலடியில் வைத்தாள்.

அடுக்களைக்கு வந்து கத்தியை எடுத்தாள். "அறுபத்தொண்ணுன்னே எழுதிக்குங்க, போதகரே."

பெல்லாவின் தட்டில் விழுந்த துண்டு ரொட்டிக்கு நாலு பக்கமும் வெளியே தொங்கியது. பெல்லா கடுகுச் சாந்தை எடுத்துத் தடவிக்கொண்டாள்.