மடிப்புப் பட்டை

பனியன் துணியின் வெட்டுத்துண்டைக் குழல்போலத் தைத்து, ஊக்கில் எலாஸ்டிக்கைக் கோத்து உள்ளே நுழைத்தாள் முத்துப்பேச்சி. முனைகளைச் சேர்த்துத் தைத்தால் வெறும் ரப்பர் பேண்டு. விரலகல நாடாவை அதில் வளையமாக வைத்துத் தைத்தபிறகுதான் அது அவள் யோசித்த பட்டை. பின்னலின் அடியில் மாட்டி, நுனியை மேலே மடித்து வளையத்துக்குள் விட்டால் போதும். முடியின் கனமே அதை இறுக்கிக்கொள்ளும்.

நூற்பாலைக்குள் கொண்டை ஊசி கூடாது. மெஷினில் விழுந்தால் பொறி பறக்கும், பஞ்சு பற்றும். ஆறு வருடம் முன்பு ஊசியில்லாமல் சுருட்டிய அவள் பின்னல் நழுவி மெஷினில் சிக்கியது. அதற்குப் பிறகு மில் வேலை இல்லை. மில் பஸ்ஸில் போகும் பெண்களுக்காக முதல் இருபது பட்டைகளை வீட்டில் தைத்தாள். வேடசந்தூரில் பேன்சி ஸ்டோர் வைத்திருந்த இளஞ்செழியன் அவற்றை வாங்கி விற்றான். இப்போது அவனுடைய ஷெட்டில் எட்டுத் தையல் மெஷின்கள்; ஒன்றில் அவள். திருப்பூர்வரை பார்சல் போகிறது. பட்டையை மாட்டி விற்கும் அட்டையில் அவன் மனைவி தீபாவின் பெயர்.

"என்னக்கா, புதுச்சேல! பொண்ணு பாக்க வாராங்களா?" என்றாள் பக்கத்து மெஷின் சகாயராணி.

"பட்டைக்கு வெளம்பர வீடியோ எடுக்க வாராங்கடி. இது எப்படித் தோணுச்சுன்னு நாந்தான் சொல்லணுமாம்."

வீட்டில் கேட்க ஆளில்லை. ஒரு வாரமாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகியிருந்தாள்.

கேமராவோடு வந்த ஜெரின், "தலையில துண்டு எதுக்குக்கா? எடுங்க," என்றான். எடுத்தாள். வலது காதுக்கு மேலே உச்சிவரை முடியில்லை. தோல் சுருங்கிப் பளபளத்தது. அவன் கேமராவை இறக்கிவிட்டு இளஞ்செழியனை வெளியே கூட்டிப்போனான்.

திரும்பிவந்த இளஞ்செழியன், "தப்பா நெனைக்காதீங்கக்கா. தலைக்குப் போடுற சாமான்... பாக்குறவங்க பயந்துருவாங்க. தீபா பேசட்டும்," என்றான்.

"எனக்கு நடந்ததுல்ல தம்பி."

"அதத்தான் அவளும் சொல்லப்போறா."

சவுரி வைத்துப் பின்னிக்கொண்டு தீபா வந்து உட்கார்ந்தாள். "நான் மில்லுல வேலை பாத்தப்ப..." என்று ஆரம்பித்து, நன்றாகவே சொன்னாள். பட்டை மட்டும் அவள் கைக்குப் பிடிபடவில்லை. "எங்கிட்டுக்கா மடிக்கணும்?"

ஜெரின் தீபாவைத் திருப்பி உட்காரவைத்தான். அவள் முதுகுக்கும் கேமராவுக்கும் நடுவே முத்துப்பேச்சியை மண்டிபோடச் சொன்னான்.

"தலை தெரியுதுக்கா. குனிங்க. இன்னுஞ் செத்த... ஆங், இப்பக் கை மட்டும் தெரியுது."

தரையைப் பார்த்தபடி கைகளை உயர்த்தினாள். விரல்கள் தாமாகப் பின்னலை மடித்து வளையத்துக்குள் விட்டன. பட்டை இறுகியது.

"சூப்பர்க்கா. அவுத்துட்டு இன்னொருக்கா."