பதினான்காம் மாடியில் ஐந்து பதில்கள்

விடிகாலை ஐந்துக்கே ஸ்பேனர் அக்கா மொட்டைமாடி லிஃப்ட் அறைக்குள் புகுந்துவிட்டாள். லிஃப்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் கட்டை அவ்வளவு தேய்ந்திருந்தது. அதன் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் வரிவிளம்பரம் வரை படித்துவிடலாம்! ஸ்பிரிங்கை முடுக்கி, முழங்கை வரை கிரீஸோடு ஒன்பது மணிக்கு அவள் இறங்கிப் போனது நேர்முகத் தேர்வுக்கு. பதினெட்டு வருடமாகப் பார்க்கும் அதே வேலைக்கு! லிஃப்ட் பராமரிப்பு புதுக் காண்டிராக்டர் கைக்கு மாறியிருந்தது. அக்காவோடு சேர்த்து ஐந்து மெக்கானிக்கும் மறுபடி தேற வேண்டும். தேறினாலும் முக்கால் சம்பளம்தான்.

தேர்வு நடந்த பதினான்காம் மாடி அறையின் மேசை எவ்வளவு நீளமென்றால், காண்டிராக்டர் கேட்ட கேள்வி அக்காவிடம் வந்துசேரவே ஒரு நிமிடம் பிடித்தது.

“வேலைல நீங்க சந்திச்ச பெரிய சவால் என்ன?”

“பிரேக் கட்டைதான் சார். மாத்தச் சொல்லி ஒன்பது தடவை எழுதிக் குடுத்தேன். போன மாசம் லிஃப்ட் நழுவி எங்க ஆள் கணுக்கால் முறிஞ்சுபோச்சு.”

“இது சவால் இல்லம்மா, புகார். நீங்க ஜெயிச்ச கதையச் சொல்லுங்க.”

“தினம் ஒருத்தரும் சாகாம பாத்துக்கறேனே, அது என்ன தோத்த கதையா?”

“உங்களுக்கு வேலை இல்ல. போகலாம்.”

வெளியே பெஞ்சில் ஒட்டகம் என்கிற நெட்டை மெக்கானிக், ‘குழுவாகச் செயல்பட்டேன்’ என்று எழுதிவைத்ததை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தான்.

“ரெண்டு பிள்ளைங்க இருக்குக்கா. நான் என்ன சொல்லட்டும்?”

“உன் இஷ்டம்டா. ஆனா நீ மனப்பாடம் பண்ணதக் கேட்டு அந்தக் கட்டை பிடிக்காது.”

உள்ளே போனான். அதே கேள்வி. எழுதிவைத்த தாளை மடித்துப் பைக்குள் போட்டான்.

“பிரேக் கட்டை சார்.”

அடுத்த இருவரும் அதையே சொன்னார்கள். ஐந்தாமவன் மாவுக்கட்டுக் காலைத் தூக்கி மேசைமேல் வைத்தான். “பதில் இதோ சார்!”

ஐவரும் மொட்டைமாடி லிஃப்ட் அறைக்கு ஏறினார்கள். லிஃப்ட் காலியாக நிற்பதைப் பார்த்து மெயின் சுவிட்சை இறக்கி, யாரும் மறுபடி ஏற்றாதபடி அதில் ஆளுக்கொரு பூட்டு மாட்டினார்கள். காண்டிராக்டர் ரயில் எஞ்சின்போல மூச்சிரைக்க வந்தார்.

“யாரக் கேட்டு நிறுத்துனீங்க? தொறங்க!”

“அவங்கவங்க போட்ட பூட்ட அவங்கவங்கதான் எடுக்கணும் சார். இந்தத் தொழிலோட முறை அது.”

“அப்ப நீ முதல்ல எடு!”

அக்கா சிரித்தாள். “எடுக்கறேன். மிச்சம் நாலு?”

புதுக் கட்டை இன்னும் வரவில்லை. வேலையும் நிச்சயமில்லை. ஒட்டகம் பையிலிருந்த பூட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்தான். மற்ற நால்வரின் கைகளும் அவரவர் பைக்குள், அவரவர் சாவிமேல்தான் இருந்தன; யாரும் வெளியே எடுக்கவில்லை.