திறமை விழுங்கிய இயந்திரம்

நிபால்டோவின் மளிகைக் கடையில் இருந்த காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரத்துக்கு நகராட்சி "திறமை விளையாட்டு" என்று உரிமம் கொடுத்த வாரத்தில், எடெல்மிராவின் கைகள் மீன் உரிக்க மறந்துபோயின. அப்போது, விலாங்குபோல் நீண்ட கோங்கிரியோ மீனின் விலை சற்று ஏறியிருந்தது. கழுத்தில் ஒரு கீறல் போட்டு, காலுறையைக் கழற்றுவதுபோல ஒரே இழுப்பில் அதன் தோலை உரிப்பவள் அவள். புந்தா செக்கா மீன்பிடித் துறையில் அவளுக்கு ஈடு கிடையாது. அந்த வேலைதான் அவளுக்குச் சோறு போட்டது. இப்போது கத்தியை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாமல் நின்றாள்.

வினையை ஊரே தேடிக்கொண்டது. அதிர்ஷ்ட விளையாட்டு என்றால் சூதாட்ட விடுதியில்தான் வைக்கலாம், மளிகைக் கடையில் கூடாது என்று இயந்திரத்தைத் தூக்கிப்போகப் போலீஸ் வந்தபோது, துறைக்காரர்கள் வண்டியை மறித்தார்கள். நாங்கள் ஜெயிப்பது அதிர்ஷ்டத்தால் அல்ல, திறமையால் என்றார்கள். தோற்றதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவள் எடெல்மிராதான். நகராட்சிக்கும் உரிமக் கட்டணம் கசந்ததா என்ன, முத்திரை குத்தித் தந்துவிட்டது. அதிர்ஷ்டம் என்றிருந்தவரை காசை மட்டும் விழுங்கிய இயந்திரம், அன்றுமுதல் தோற்றவர்களின் திறமையை விழுங்கத் தொடங்கியது. ரொட்டிக்காரர் லியோகாடியோவின் மாவு பொங்கவில்லை. படகுக்காரர்கள் முடிச்சுப் போடத் தெரியாமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடெல்மிரா நேரே கடைக்குப் போனாள்.

"தம்பி, என் கையில இருந்தத எடுத்துக் குடு. வேற எதுவும் கேக்கல."

"அக்கா, உரிமத்துல திறமைன்னு போட்டிருக்கு. உனக்கு அது பத்தலன்னா நான் என்ன செய்ய?"

"பத்தலையா? உன் கல்யாண விருந்துக்கு மீன் உரிச்சவடா நான். அன்னைக்கு எலும்பக்கூட நக்கிட்டு, இன்னைக்கு பேசுறியா?"

"கோவப்படாதக்கா. இன்னொரு தடவ போட்டுப் பாரு. போனது திரும்ப வராமலா போயிரும்?"

போட்டாள். மீன் பொரிக்கும் பக்குவமும் போயிற்று.

அவள் நகராட்சி வாசலில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்ததால், தலைநகரிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். இயந்திரம் ஆடுகிறவனுக்கு நியாயமான வாய்ப்புக் கொடுக்கிறதா என்று ஆடியே பார்த்தார். மாலையில் அவருக்குக் கூட்டல் கழித்தல் மறந்துவிட்டது. பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறையை லியோகாடியோதான் எண்ணிக் கொடுத்தார். ஆனாலும் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் போனார்: படித்தவன் படிக்காதவன் என்று பாராமல் எல்லாரிடமும் ஒரே மாதிரி பிடுங்குகிறது, ஆகவே நியாயமானது. திருடன் எல்லா வீட்டிலும் புகுந்தால் அதற்குப் பெயர் நியாயமாம். மேயர் மட்டும் எத்தனை ஆடியும் எதையும் இழக்கவில்லை. இழக்க அவரிடம் என்ன இருந்தது என்று துறையில் பேசிக்கொண்டார்கள்.

வருடங்கள் ஓடின. விழுங்கியதை வைத்துக்கொண்டு இயந்திரம் சும்மா இருக்கவில்லை. காசைப் போட்டு அதன் தட்டில் மீனை வைத்தால் எப்போதாவது உரித்துத் தரும், மாவை வைத்தால் எப்போதாவது பொங்க வைக்கும். பெரும்பாலும் காசை வைத்துக்கொண்டு, வைத்ததை வைத்தபடியே தள்ளிவிடும். ஊர் அதற்குப் பழகிவிட்டது. காலையில் படகு வந்ததும் கடை வாசலில் வரிசை நிற்கும். வரிசையில் இடம் பிடிப்பதில்தான் இப்போது சண்டை.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் எடெல்மிரா வைத்த கோங்கிரியோ, ஒரே இழுப்பில் உரித்த சுத்தத்தோடு வெளியே வந்தது. அது தன் கை வேலை என்று அவளுக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேர்த்தி என்று வரிசையில் நின்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் நிபால்டோவுக்கு நன்றி சொல்லிவிட்டு, மீனைத் தாளில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.