எர்மீனியோவின் பாட்டுக்கு இரண்டு வேகம்

1.

இந்தக் கதை என் யோசனை இல்லை. அம்பாரோ சொல்லித்தான் எழுதுகிறேன். காலி என்கிற எங்கள் நகரத்தில், ஒப்ரேரோ பேட்டை நடன மண்டபத்தில், ஞாயிறு மதியம் அவள் சல்சா ஆடுவாள். நான் ஓரமாக நின்று இசைத்தட்டோடு சேர்ந்து மணி தட்டுவேன். எங்கள் ஊர் ரசிகன் சும்மா கேட்கமாட்டான், வீட்டிலிருந்து மணியோ கிலுகிலுப்பையோ கொண்டுவந்துவிடுவான்.

"நீ மணி தட்டுற லட்சணத்துக்கு, எழுதவாவது செய்யி" என்றாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் எர்மீனியோ காலியில் வந்து இற—

(வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

2.

எர்மீனியோ போர்ட்டோ ரிக்கோக்காரர். இளமையில் ஒரே ஒரு இசைத்தட்டில் பாடினார். அவர் ஊரில் அதை ஒருவரும் சீந்தவில்லை. பிறகு ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டினார். காலியில் அந்தப் பாட்டு இல்லாத ஞாயிறே கிடையாது என்று யாரோ சொல்ல, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். தன் பாட்டுக்கு ஒரு கூட்டம் ஆடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

(ஒரு கதைக்கு இவ்வளவு சின்ன ஆசை போதுமா என்று அம்பாரோவிடம் கேட்டேன். "நீ எழுதுறத நாலு பேரு படிக்கணும்னு உனக்கு ஆசை இல்லயா? அத விடச் சின்னதா இது?" தொடர்ந்து எழுதினேன்.)

3.

இதைச் சொல்லாமல் கதை நகராது: எங்களுக்கு மெதுவான பாட்டு ஆகாது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றில் சுழல வேண்டிய இசைத்தட்டை நாற்பத்தைந்தில் சுழல விடுவோம். எங்கள் கால்கள் அந்த வேகத்தில் பழகியவை.

அவர் வந்த ஞாயிறும் இசைத்தட்டுக்காரன் வில்மர் அந்தப் பாட்டை அப்படித்தான் போட்டான். மண்டபமே துள்ளியது. எர்மீனியோ சோடா குடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"தம்பி, என் பாட்ட எப்பப் போடுவ?"

"இப்பப் போட்டது என்னவாம்?"

"அதுவா? எவனோ பொடிப்பய பாடுறான்!"

அம்பாரோவுக்குச் சுருக்கென்றது. அவள் கல்யாணம் நிச்சயமானதே அந்தப் பாட்டுக்கு ஆடும்போதுதான்.

"சொந்தப் பாட்டே தெரியலயாம்! யாருய்யா நீங்க? எங்க, பாடுங்க பாப்போம்!"

பாடினார். கனத்த, நிதானமான குரல். கூட்டம் ஊளையிட்டது.

"ஆள் மாறாட்டம்டோய்!"

"பாவம், ஒரு கிளாஸ் ஊத்தி அனுப்புங்கப்பா!"

எர்மீனியோ தொப்பியை எடுத்துக்கொண்டார்.

(முதல் பிரதியில் அவரை இங்கே அழவைத்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அழுகை வந்தது எனக்குத்தான்.)

4.

ஏனென்றால் அவர் பாடியபோது என் கை பழக்கத்தில் மணி தட்டியிருந்தது. இசைத்தட்டுக்குத் தட்டும்போது அடி விழும் அதே இடங்களில் விழுந்தது, மெதுவாக.

"வில்மர், முப்பத்து மூணுல போடுடா!"

ஏதோ பாவம் செய்யச் சொன்னதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போட்டான். வேகம் குறைந்ததும் பொடிப்பயலின் கீச்சுக்குரல் கனத்து இறங்கி, இசைத்தட்டிலிருந்து அந்தப் பேருந்து ஓட்டுநரின் குரலாக வந்தது.  கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

எல்லோரும் ஆட முயன்றார்கள். ஊரின் மகா ஆட்டக்காரர்களெல்லாம் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். அம்பாரோ என் காலை மிதித்தாள்.

"ஐயோ, இது பாட்டா, தூக்க மாத்திரையா?" என்று சிரித்துக்கொண்டே எர்மீனியோவிடம் போனாள். "மன்னிச்சிருங்க ஐயா. நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உங்க பாட்டு. எங்களோடது மத்தது."

அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்ப, நான் சோடா குடிச்சிட்டு இருந்தப்ப எல்லாரும் ஆடுனீங்களே, அது என் பாட்டுக்கா?"

"பின்ன யாரு பாட்டுக்கு?"

"அடப்பாவிகளா! நான் சரியாப் பாக்கவே இல்லயே!"

5.

முடிவு ஒன்று: முப்பத்து மூன்றில் போடுகிறார்கள். அவர் மட்டும் அழகாக ஆடுகிறார், காலி நகரமே தடுமாறி அவர் பின்னால்—

முடிவு இரண்டு: நாற்பத்தைந்து. அவருக்கு மூச்சு வாங்குகிறது, ஆனால் மண்டபமே அவருக்காக—

இரண்டையும் எழுதி இரண்டையும் கிழித்தேன். இதைத் தீர்மானிக்க நான் யார், மணி தட்டுகிறவன்.

அம்பாரோ கை நீட்டிவிட்டாள். எர்மீனியோ தொப்பியை என் தலையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். வில்மர் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி "எந்த வேகம்?" என்று உங்களைப் பார்த்துத்தான் கத்துகிறான்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவர் இத்தனை வருஷம் காத்திருந்தவர், இன்னும் கொஞ்சம் காத்திருப்பார். அம்பாரோ காத்திருக்கமாட்டாள்.