பாக்கீசியோ தின்னாத அவரை

1.
இந்தக் கதையை எங்கள் ஊர்க் காய்கறிக் கடையின் கதவிலிருந்து திருடினேன். 'உள்ளே பச்சை ஃபாவா அவரை உள்ளது' என்று ஏப்ரல் பிறந்ததும் ஒரு தாள் ஒட்டுவார்கள். அதைப் பார்த்ததும் எங்கள் இத்தாலியத் தீவான சார்டினியாவில் பாதிப் பேர் [மிகை, அடித்துவிட்டேன்] சிலர் எதிர்ப்பக்கமாக நடப்பார்கள். அவர்களில் ஒருவர் பாக்கீசியோ. பாலாடைக்கட்டி செய்து விற்பவர், வயது அறுபத்தொன்று. அவருடைய சிவப்பணுக்களைத் துருப்பிடிக்காமல் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவு. ஐந்து வயதில் ஒரு பிடி அவரை தின்று, அணுக்கள் பொலபொலவென்று உடைந்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. கடைசி ஜெபத்துக்குப் பாதிரியாரையே கூப்பிட்டுவிட்டார்களாம்.

2.
இந்தக் குறை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. மகள்களுக்கோ ஒருத்தி விடாமல் போகும். அவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் அவர்கள் பெறும் பையன்களைப் பிடிக்கலாம். எங்கள் ஊரில் இது பள்ளிக்கூடப் பாடம். கதைக்கு இவ்வளவு வெடிமருந்து போதும் என்று அற்பமாகச் சந்தோஷப்பட்டேன்.

3.
ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. ஆறு மாத வயிற்றோடு மகள் போனாரியா ஆய்வகத் தாளை ஆட்டினாள்.

"அப்பா, எனக்கு அந்தக் கொற இல்லவே இல்லையாம்! பையனுக்கும் பயமில்ல!"

[அவள் அம்மா பெப்பினாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது என்று எழுதியிருந்தேன். கதைகளில் மட்டும்தான் இவ்வளவு கரண்டிகள் விழுகின்றன. எடுத்துவிட்டேன்.]

பெப்பினா கொதித்து முடிந்த சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். மருமகன் ஜெசுயினோ வாயில் ரொட்டியோடு கணக்குப் போட்டான்.

"அதெப்படி மாமா? உங்க பொண்ணுன்னா கண்டிப்பா..."

[இது நான் கைவிட்ட வாக்கியம் இல்லை. அவன் கைவிட்டது.]

4.
முதல் வரைவில் பாக்கீசியோ மேஜையைக் குத்தினார். இருபது வருடமாக அவரிடம் பாலாடைக்கட்டி வாங்குகிறேன்; அவர் குத்துகிற ஆள் இல்லை. இரண்டாம் வரைவில் மருத்துவமே எனக்குக் கை கொடுத்தது. பெண்களிடம் இந்தச் சாதாரணச் சோதனை சில சமயம் ஏமாற்றும், மரபணுச் சோதனைதான் முடிவு என்று தாளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்தச் சோதனைக்குப் போக எழுதிக் கொடுத்த சீட்டும் கூடவே இருந்தது.

பாக்கீசியோ கண்ணாடி போட்டு அதைப் படித்தார். மனைவியைப் பார்க்கவில்லை. சீட்டை மடித்து உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தார்.

"இங்க பாரும்மா. பையன் பொறந்ததுக்கப்புறம் ஒரு அவரக்கொட்ட இந்த வீட்டு வாசப்படி ஏறக் கூடாது."

"அதான் இல்லன்னு போட்டிருக்கேப்பா!"

"போட்டா போட்டுட்டுப் போறான். அவன் என் பேரன். என் ரத்தம் அவனுக்கு வந்திருக்கும்."

பெப்பினா அடுப்பை அணைத்தாள். அழுதாள். வெங்காயம் என்று சொல்லிவிடலாம்தான்; ஆனால் அன்று யாரும் வெங்காயம் நறுக்கவில்லை.

5.
சீட்டு இன்னும் ஜாடிக்கு அடியில்தான் இருக்கிறது. எனக்கு முடிவு வேண்டாம். உங்களுக்குத்தான் வேண்டும் என்றால் தாராளமாக உள்ளே போய் எடுத்துக்கொள்ளுங்கள், கதவைப் பூட்டுவதில்லை. திரும்பும்போது பாக்கீசியோ வாசலில் உட்கார்ந்திருப்பார். "எதுக்கு?" என்று ஒரே வார்த்தை கேட்பார். பதிலை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.