பழகக் கொடுத்த உயிர்

பேருந்து ஓட்டுநர் பணிமனையிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். நடத்துநர் அவரை ஒரு காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. நாடி இல்லை.

ஒரு சிஸ்டர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். இன்னொருத்தி முகத்தில் மாஸ்க்கை வைத்து அதோடு இணைந்த காற்றுப் பையை அமுக்கினாள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் மார்பு ஏறி இறங்கியது. காற்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பிரிவின் தலைமை மருத்துவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று மானிட்டரைப் பார்த்தாள். ஜூனியர்கள் அவளை முதுகுக்குப் பின்னால் ‘பெரியம்மா’ என்பார்கள். வயது நாற்பதைத் தாண்டவில்லை. அந்தப் பெயர் காதில் விழுந்த அன்று முழுவதும் உர்ரென்று இருந்தாள். ஷாக் கொடுத்தாகிவிட்டது, மருந்தும் போட்டாகிவிட்டது. மானிட்டரில் முன்னேற்றம் இல்லை. இவர் போய்விட்டார் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள். முடிவு கட்டிய கையோடு பக்கத்தில் நின்ற நெட்டையனைப் பார்த்தாள். புதிதாகச் சேர்ந்த டாக்டர். பயிற்சிப் பொம்மைக்குத் தவிர யாருக்கும் மூச்சுக்குழாயில் டியூப் போட்டதில்லை.

“டியூப் போடறியா?”

“நானா மேடம்?”

“போடு. பழகிக்கோ.”

அவன் தலைமாட்டுக்குப் போனான். பொம்மையின் தொண்டையில் எச்சில் இருக்காது, நாக்கு வழுக்காது. இங்கே மூச்சுக்குழாயின் வாய் கண்ணுக்கே தெரியவில்லை. “சிஸ்டர், அழுத்தறத நிறுத்துங்க, அசையுது” என்றான். சிஸ்டர் பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா தலையசைத்தாள். நெஞ்சின் மேலிருந்த கைகள் நின்றன. மாஸ்க்கும் விலகியிருந்தது.

டியூப் இறங்கியது. பையை அமுக்கியதும் மார்புக்குப் பதில் வயிறு உப்பியது; டியூப் உணவுக்குழாய்க்குள் போயிருந்தது. உருவி எடுத்து மறுபடி முயன்றான். மறுபடியும் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். “நான் போடறேன், தள்ளு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனவர்தானே, பையன் கற்றுக்கொள்ளட்டும் என்று பெரியம்மா பேசாமல் நின்றாள்.

கடைசியில் டியூப் உள்ளே போனது. மீண்டும் அழுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் மானிட்டரில் துடிப்பு வந்தது. சிஸ்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, “நாடி இருக்கு!” என்று கத்தினாள். நெட்டையனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று எல்லோருக்கும் அவன்தான் டீ வாங்கிக் கொடுத்தான். பெரியம்மா அந்த டீயை அப்படியே வைத்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனாள்.

ஓட்டுநர் பிழைத்தார், நடந்தார், சாப்பிட்டார். ஆனால் மூளைக்கு ரத்தம் போகாமலிருந்ததில் எதுவும் மனதில் தங்கவில்லை. மகளை “நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?” என்று கேட்டார். இத்தனை வருடம் ஓட்டிய வழித்தடத்தில் அடுத்த நிறுத்தம் எதுவென்று கேட்டால் சிரித்து மழுப்பினார். ஒவ்வொரு முறை பரிசோதனைக்கு வரும்போதும் அவருடைய மனைவி பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க கைராசி டாக்டரம்மா, போன உசுரத் திருப்பிக் குடுத்தீங்க” என்பாள். அவள் போன பிறகு பெரியம்மா கையைக் கழுவுவாள். கழுவிய கையையே மறுபடி கழுவுவாள்.

அன்று அழுத்துவதை நிறுத்த விட்டது தப்பு என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதன் பலன் ஒரு நாள் காலையில் தெரிந்தது. இதயம் நின்றுபோன ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மாஸ்க்கில் காற்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நெட்டையன் தானாகவே தலைமாட்டுக்குப் பாய்ந்து, டியூப்பைக் கையில் எடுத்து, “அழுத்தறத நிறுத்துங்க” என்றான்.

“நிறுத்தாதீங்க!” பெரியம்மா கத்திய கத்தலில் வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். “நீ வெளிய போ.”

அந்தப் பெண் பிழைக்கவில்லை. உறவினர்களிடம் சொல்லிவிட்டு பெரியம்மா வெளியே வந்தபோது, நெட்டையன் மருந்து அறையில் சுவரைப் பார்த்து நின்றிருந்தான்.

“எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்திட்டீங்க மேடம். அந்த டிரைவர நான்தானே காப்பாத்தினேன்?”

“அவர் நெஞ்ச அழுத்தின கைதான் அவரக் காப்பாத்துச்சு. நீ வழி தேடிக்கிட்டிருந்தப்போ அந்தக் கையும் நின்னுச்சு, காத்தும் நின்னுச்சு. வயித்துக்குள்ள போச்சே, ஞாபகம் இருக்கா?”

அவன் முகம் வெளுத்தது. “அப்போ அவருக்கு மறந்துபோனது…”

“முன்னாடியே ஆச்சா, அப்போ ஆச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா தப்பு உன்னோடது இல்ல, என்னோடது. அவர் செத்துட்டார்னு நெனச்சேன். அதான் உன்கிட்ட குடுத்தேன்.”

“பொணம்னு நெனச்சுதான் குடுத்தீங்களா?” என்றான். கேட்டுவிட்டு அவளைத் தாண்டி வெளியே போனான். அந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது.

அடுத்த முறை ஓட்டுநரின் மனைவி வந்தபோது, பெரியம்மா கதவைச் சாத்திவிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள். புகார் கொடுக்க வேண்டுமென்றால் தானே சாட்சி சொல்வதாகவும் சொன்னாள். ஓட்டுநர் நாற்காலியில் உட்கார்ந்து, மேசை விசிறியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்களே போட்டிருந்தா இவரு நல்லா இருந்திருப்பாரா?”

“தெரியல. இருந்திருக்கலாம்.”

“தெரியலன்னா எதுக்கும்மா எங்கிட்ட சொன்னீங்க?” அவள் குரல் உயரவில்லை. “உங்க மனசு லேசாகணும்னு சொல்லிட்டீங்க. இனி இவரு என்னைப் பாத்து ‘யாரு நீ’ன்னு கேக்கும்போதெல்லாம் நான் இதையும் சேத்துல்ல நெனைக்கணும்? புகார் குடுத்தா இவருக்கு எம் பேரு ஞாபகம் வருமா?”

அவள் கணவரின் கையைப் பிடித்து எழுப்பி, சட்டைப் பித்தானைச் சரிசெய்து, கூட்டிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து அந்தப் பிரிவில் டியூப்புக்காக யாரும் அழுத்துவதை நிறுத்துவதில்லை. புதியவர்கள் பொம்மையில் தேறி, ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டரின் பக்கத்தில் நின்று பழகிய பிறகுதான் அவசரப் பிரிவில் தலைமாட்டுக்கு வரலாம். நெட்டையனும் தியேட்டருக்குப் போய்த் திரும்ப முதலிலிருந்து கற்றுக்கொண்டான். பெரியம்மாவுடன் வேலை விஷயம் மட்டும்தான் பேசினான்.

அடுத்த மாதம் ஓட்டுநரும் மனைவியும் வந்தார்கள். பெரியம்மா தன் அறைக் கதவு வழியாகப் பார்த்தாள். அந்த அம்மாள் இந்தப் பக்கம் திரும்பாமல், பக்கத்து அறை டாக்டரின் வரிசையில் போய்க் கடைசியாக உட்கார்ந்தாள். வரிசை நீளமாக இருந்தது. பெரியம்மாவின் அறை வாசலில் அப்போது யாருமே இல்லை.